கயிறு எங்கே கட்டியிருக்கிறது?

ஒருவர் கேட்டிருந்த கேள்வி, சுருக்கமாக: "என் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருஷம் டயாலிசிஸில் இருந்தான். குடும்பமே உபவாசமிருந்து ஜெபித்தோம். பிழைத்துவிடுவான் என்று முழுசாக நம்பினோம். போய்விட்டான். ‘உங்களுக்கு விசுவாசம் போதவில்லை’ என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னது மனதைவிட்டுப் போகவில்லை. கிறிஸ்தவத்தில் நம்பிக்கை என்றால் என்னதான் அர்த்தம்? விசுவாசமும் நம்பிக்கையும் ஒன்றா? என் கத்தோலிக்க நண்பனின் பைபிளில் ‘எதிர்நோக்கு’ என்று வேறொரு வார்த்தை இருக்கிறதே, அது என்ன?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். தம்பியைப் பற்றிய கேள்வியைத் தள்ளிப்போடுவதற்காக இல்லை. அதற்குப் போகிற வழி இந்த வார்த்தைக்குள்தான் இருக்கிறது.

நான் வளர்ந்த வீட்டில் இரண்டு பைபிள் உண்டு. அம்மா சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பம், அப்பா ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரக் கடைசி வசனம் அம்மாவின் பைபிளில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது" என்று இருக்கும். அப்பா பிற்பாடு வாங்கிய திருவிவிலியத்தில் அதே மூன்றும் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". அங்கே இரண்டாவதாக நின்ற சொல் இங்கே முதலாவதாக நிற்கிறது. குழப்பம் வராமல் என்ன செய்யும்? அம்மாவுடையது 1871இல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையிலான குழுவின் திருத்தம். அப்பாவுடையது 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதற்கு முன்னால் கத்தோலிக்கர்களும் "விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்" என்றுதான் சொல்லிவந்தார்கள். ஆச்சி சொன்ன பழைய ஜெப மந்திரங்கள் அந்தப் பெயரில்தான் இருந்தன. கிரேக்கத்தில் பவுல் எழுதிய சொற்கள் பிஸ்டிஸ், எல்பிஸ், அகாபே. இந்த எல்பிஸ்தான் ஒரு பைபிளில் நம்பிக்கை, இன்னொன்றில் எதிர்நோக்கு. நீங்களும் உங்கள் நண்பரும் படிப்பது ஒரே வசனத்தைத்தான்.

எந்தச் சொல் நல்லது என்று கேட்டால், எனக்கு இரண்டும் வேண்டும். ‘எதிர்நோக்கு’ துல்லியமான சொல். தெருமுனையைப் பார்த்தபடி வாசற்படியில் நிற்கிற ஒரு பார்வை அதில் இருக்கிறது. ஆனால் துக்க வீட்டில் அது வாயில் வராது; "எதிர்நோக்கோடு இரு" என்று யாரும் யார் தோளையும் தொட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘நம்பிக்கை’யோ தினமும் புழங்கித் தேய்ந்த சொல். பஸ் வந்துவிடும் என்பதற்கும் அதுதான், உயிர்த்தெழுதலுக்கும் அதுதான். என்றாலும் அதன் வேரில் ஒரு விஷயம் இருக்கிறது. தொல்காப்பியத்தின் உரியியலில் "நம்பும் மேவும் நசையாகும்மே" என்று ஒரு நூற்பா. ‘நம்பு’ என்றால் நசை, அதாவது விருப்பம், ஏக்கம். நாம் இன்று ‘நம்புகிறேன்’ என்னும்போது அது மூளை ஒத்துக்கொள்கிற காரியம் போல ஒலிக்கிறது. பழந்தமிழில் அது மனம் ஒன்றை நாடிப்போவது. பைபிள் சொல்லும் நம்பிக்கைக்குள் இந்த ஏக்கம் உண்டு. ஏங்காதவன் எதற்காகக் காத்திருப்பான்?

விசுவாசத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்பதைப் புனித அகுஸ்தீனார் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எளிமையாகச் சொல்லிவிட்டார். விசுவாசம் நல்லதைப் பற்றியும் இருக்கலாம், கெட்டதைப் பற்றியும் இருக்கலாம். நடந்து முடிந்ததைப் பற்றியும் இருக்கலாம். கிறிஸ்து மரித்தார் என்று விசுவாசிக்கிறோம். அது நடந்து முடிந்தது. நம்பிக்கை அப்படியில்லை. நல்லதை மட்டும், இனி வரப்போவதை மட்டும், அதுவும் தனக்கென்று வரப்போவதை மட்டுமே ஒருவர் நம்பியிருக்க முடியும். நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஒருவரின் கையைப் பிடித்திருப்பது விசுவாசம். அதே கையைப் பிடித்தபடி, இன்னும் விடியாத பக்கமாக முகத்தைத் திருப்பி நடப்பது நம்பிக்கை. பிடித்திருப்பது ஒரே கையைத்தான்.

13ஆம் நூற்றாண்டில் தோமா அக்வினா இதில் ஒரு நுணுக்கம் சேர்த்தார். நம்பப்படுகிற நன்மை அரிதானதாக இருக்க வேண்டும். ஆனாலும் கிடைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். எட்டிப் பறிக்கிற கொய்யாப்பழத்துக்கு நம்பிக்கை தேவையில்லை. கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்ததை யாரும் நம்புவதில்லை. இரண்டுக்கும் நடுவில், கடவுளின் துணையை மட்டும் வைத்துக்கொண்டு நிற்கிற இடம் அது. அதனால் நம்பிக்கைக்கு எதிரான பிழைகளும் இரண்டு என்றார். ஒன்று எல்லோருக்கும் தெரிந்த அவநம்பிக்கை. இன்னொன்றைப் பற்றி நம் சபைகளில் பேச்சே இல்லை: மிஞ்சிப்போன நம்பிக்கை, துணிச்சல். நான் சொல்லிவிட்டேன், உபவாசமும் இருந்துவிட்டேன், இனி கடவுள் செய்துதான் ஆக வேண்டும் என்கிற மனநிலை. தராசில் ஒரு தட்டில் என் விசுவாசத்தைப் படிக்கல்லாக வைத்தால் மறுதட்டில் அற்புதம் இறங்க வேண்டும். இறங்கவில்லையா, கல்லின் எடை குறைவு. உங்களிடம் அந்த மனிதர் சொன்னது இந்தக் கணக்குதான். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், ஆனால் அது கிறிஸ்தவ நம்பிக்கையே இல்லை. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன்.

அவர் தூக்கிக்காட்டக்கூடிய அதிகாரமே அவருக்கு எதிராக நிற்கிறது. எபிரெயர் 11ஐ முழுவதும் படியுங்கள். விசுவாசத்தினாலே சிங்கங்களின் வாயை அடைத்தார்கள், பட்டயக்கருக்குக்குத் தப்பினார்கள் என்று போகும். அங்கே நிறுத்தினால் அவர் சொல்வது சரி. ஆனால் அதே மூச்சில், அதே விசுவாசத்தினாலே வேறு சிலர் கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள், ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு அலைந்தார்கள் என்று வருகிறது. பட்டயத்துக்குத் தப்பினவர்களும் பட்டயத்தால் செத்தவர்களும் ஒரே பட்டியலில். தப்பினவருக்கு விசுவாசம் அதிகம், செத்தவருக்குக் கம்மி என்று ஒரு எழுத்துகூட அங்கே இல்லை. கெத்செமனேயில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்" என்று மூன்று தடவை ஜெபித்த இயேசுவுக்கு அது நீங்கவில்லை. அவருக்கா விசுவாசம் போதவில்லை?

இனி கயிற்றுக்கு வருகிறேன்.

எபிரெயத்தில் நம்பிக்கைக்கு ‘திக்வா’ என்று ஒரு சொல். யோசுவா புத்தகத்தில் எரிகோ நகரத்து ராகாப் தன் ஜன்னலில் ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டுகிறாள் அல்லவா? அங்கே கயிற்றுக்கு இருக்கும் சொல்லும் ‘திக்வா’தான். முறுக்குவது, இழுபட்டு நிற்பது, காத்திருப்பது எல்லாம் அந்த வேரைச் சுற்றி வருகிற பொருள்கள். எரிகோவின் மதில்மேல் வீடு. ஊர் அழியப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். அவளிடம் இருந்தது, அந்தக் கயிறு கட்டிய வீட்டைக் காப்போம் என்று இஸ்ரவேலின் ஒற்றர்கள் இரண்டு பேர் கொடுத்த வாக்கும் ஜன்னலில் ஒரு கயிறும்தான். ஊர் விழுகிற நாள்வரை அந்தக் கயிறு அங்கேயே தொங்கியது.

புதிய ஏற்பாட்டிலும் ஒரு கயிறு உண்டு, கண்ணுக்குத் தெரியாமல். "அந்த நம்பிக்கை நமக்கு நிலையும் உறுதியும் திரைக்குள்ளாகப் போகிறதுமான ஆத்தும நங்கூரமாயிருக்கிறது" என்கிறது எபிரெயர் 6:19. ரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் செத்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் நங்கூரம் செதுக்கியதற்குப் பின்னால் இந்த வசனம் உண்டு.

நங்கூரம் என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தவர் பெரியப்பா. தூத்துக்குடிப் பக்கம் வள்ளத்தில் தொழில் செய்தவர். பள்ளி விடுமுறையில் ஒரு ராத்திரி என்னையும் கூட்டிப்போனார். நங்கூரத்தைத் தூக்கிப்போட்டதும் வள்ளம் அசையாமல் நின்றுவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாட்டுக்கு ஆடியது; எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. "நங்கூரம் போட்டாச்சே பெரியப்பா, ஏன் இன்னும் ஆடுது?" என்றேன். "ஆடத்தாம்ல செய்யும். போவாது, அவ்வளவுதான்," என்றார். அப்புறம் கயிற்றை இன்னும் இன்னும் விட்டுக்கொண்டே இருந்தார். ஆழம் என்னவோ அதற்கு மூன்று நான்கு மடங்கு கயிறு விட வேண்டுமாம். கட்டையாக விட்டால் அலை தூக்குகிற தூக்கில் நங்கூரம் மண்ணைவிட்டுக் கிளம்பி இழுபட ஆரம்பித்துவிடும். இன்னொன்றும் கவனித்தேன். முன்பக்கம் கயிறு கட்டியிருந்ததால் காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் வள்ளம் மெல்லச் சுற்றி வந்து காற்றுக்கு முகம் கொடுத்து நின்றது.

வருஷங்கள் கழித்து ரோமர் 5ஐப் படித்தபோது அந்த ராத்திரிதான் நினைவுக்கு வந்தது. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது என்று பவுல் ஒரு வரிசை வைக்கிறார். நீளமான கயிறு அது. "அந்த நம்பிக்கை நம்மை வெட்கப்படுத்தாது" என்பதுதான் அதன் முடிவு. திருத்தந்தை பிரான்சிஸ் 2025 யூபிலி ஆண்டை அறிவித்த மடலுக்கு இந்த வார்த்தைகளையே தலைப்பாக வைத்தார். "எதிர்நோக்கின் திருப்பயணிகள்" என்று அந்த வருஷம் முழுவதும் கோயில்களில் கேட்டது இதிலிருந்து வந்ததுதான்.

நம் ஊரில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுக்கிற வழக்கம் உண்டு. எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். அம்மா எடுத்த அட்டைகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் அடிக்கடி வருகிற வசனம் எரேமியா 29:11. உங்களைப் பற்றி நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவானவை என்கிற வசனம். அட்டையில் இடமில்லாததால் அதற்கு முந்தின வசனம் வராது. பாபிலோனில் 70 வருஷம் நிறைவேறின பின்பு உங்களைச் சந்திப்பேன் என்கிறது 10ஆம் வசனம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பிய கடிதம் இது. அது வாசிக்கப்பட்டபோது கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர்களில் அநேகமாக ஒருவர்கூட ஊர் திரும்பியிருக்க மாட்டார். அவர்களிடம்தான் அந்த வசனம் சொல்லப்பட்டது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது.

எரேமியா இதை மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுத் தான் சும்மா இருக்கவில்லை. 32ஆம் அதிகாரம் எனக்கு பைபிளிலேயே மிகப் பிடித்த பக்கங்களில் ஒன்று. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்கிறது. எரேமியா காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அப்பாவின் உடன்பிறந்தவர் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள் என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடக்கே நடந்துபோகிற தூரத்தில் இருக்கிற ஊர். எதிரி சேனை சூழ்ந்திருக்கிற மண். அந்த நிலத்துக்கு அன்றைக்கு யார் காசு கொடுப்பார்கள்? எரேமியா கொடுத்தார். 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்து, பத்திரம் எழுதி, முத்திரை போட்டு, சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, முத்திரையிட்ட பிரதியையும் திறந்த பிரதியையும் தன் எழுத்தர் பாருக்கின் கையில் கொடுத்து, நெடுங்காலம் கெடாமல் இருக்கும்படி ஒரு மண்பானையில் வைக்கச் சொன்னார். ஏனென்றால் "இனி இந்தத் தேசத்தில் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் கொள்ளப்படும்."

பத்திரம் முடிந்த பிறகுதான் அவர் உட்கார்ந்து ஜெபிக்கிறார். அந்த ஜெபத்தில் தவிப்பு அப்பட்டமாக இருக்கிறது: பட்டணம் கல்தேயர், அதாவது பாபிலோனியர் கையில் போகப்போகிறது, ஆண்டவரே, நீரோ எனக்கு நிலத்தை வாங்கு என்கிறீரே! அந்த நிலத்தில் எரேமியா ஒருநாளும் ஏர் பூட்டவில்லை. நகரம் விழுந்த பிறகு அவரை எகிப்துக்கு இழுத்துப்போனார்கள். பத்திரம் மட்டும் பானைக்குள்.

இந்த 32ஆம் அதிகாரத்தை 1943 ஆகஸ்டில் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து ஒரு கைதி தனக்கு நிச்சயமாகியிருந்த மரியா என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில் எடுத்துக்காட்டினார். டீட்ரிக் போன்ஹோஃபர், லுத்தரன் போதகர், ஹிட்லருக்கு எதிராக நின்றவர். அந்த வருஷம் ஜனவரியில் நிச்சயம், ஏப்ரலில் கைது. நிலங்கள் மறுபடியும் வாங்கப்படும் என்று எரேமியா சொன்னது போலத்தான் தங்கள் திருமணமும்; அது கடவுளின் பூமிக்குச் சொல்லப்படுகிற ஒரு சம்மதம் என்று மரியாவுக்கு எழுதினார். கலியாணம் நடக்கவில்லை. 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளாசன்பர்க் முகாமில் அவரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. ஐரோப்பாவில் போர் முடிய ஒரு மாதம்தான் இருந்தது.

அந்தக் கடிதத்துக்குச் சில வாரங்கள் முன்னால், 1943 ஜூலையில், ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தது. விமான எதிர்ப்புப் பீரங்கியில் உதவிக்கு நிறுத்தப்பட்டிருந்த 17 வயதுப் பையன் ஒருவன் பிழைத்தான். பக்கத்தில் நின்ற நண்பன் அந்த இடத்திலேயே சிதறிப்போனான். பக்தி இல்லாத வீட்டில் வளர்ந்த அந்தப் பையன் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கடவுளைக் கூப்பிட்டான்: எங்கே இருக்கிறீர்? நான் ஏன் சாகவில்லை? பிறகு போர்க்கைதியாக ஸ்காட்லாந்தில் இருந்தபோது ஒரு ராணுவ குருவானவர் கொடுத்த பைபிளில் 39ஆம் சங்கீதத்தைப் படித்தான். மாற்கு எழுதிய பாடுகளின் வரலாற்றில், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற சத்தத்தைப் படித்தான். நம்மைப் புரிந்துகொள்கிற ஒருவர் இருக்கிறார் என்று தோன்றியதாம். அவர்தான் யூர்கன் மோல்ட்மன். 1964இல் ‘நம்பிக்கையின் இறையியல்’ என்ற புத்தகத்தை எழுதி உலகம் முழுக்கக் கிறிஸ்தவச் சிந்தனையைத் திருப்பியவர். 2024 ஜூனில், 98ஆவது வயதில் காலமானார். நம்பிக்கையைப் பற்றி இவ்வளவு எழுதிய மனிதருக்கு அது தொடங்கிய இடம் பதில் கிடைத்த ஜெபம் அல்ல என்பதை உங்களுக்காகவே இங்கே சொல்கிறேன்.

அப்படியானால் எதைத்தான் நம்புகிறோம்? கஷ்டத்தில் கடவுள் கூடவே இருக்கிறார் என்பது மட்டும்தானா? அது பெரிய விஷயம்தான், ஆனால் பவுலுக்கு அது போதாது. இம்மைக்காக மாத்திரம் கிறிஸ்துவின்மேல் நம்பிக்கை வைத்திருந்தால் எல்லா மனுஷரிலும் நாம்தான் பரிதபிக்கப்படத்தக்கவர்கள் என்று 1 கொரிந்தியர் 15இல் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறார். அவர் நம்பியது உயிர்த்தெழுதலை. ஆத்துமா எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும் என்பதை அல்ல. சரீரம் எழும்பும் என்பதை. ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன உங்கள் தம்பியின் கை கடவுளுக்குத் தூக்கியெறிகிற பொருள் இல்லை என்பதை. உயிர்த்த இயேசுவின் கையில் ஆணித்தழும்பு இருந்தது என்று யோவான் எழுதிவைத்திருப்பது எனக்கு இதற்காகவே முக்கியம்.

381இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் நிறைவு செய்த விசுவாச அறிக்கையை நாம் ஞாயிறுதோறும் மனப்பாடமாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். பிதாவை, குமாரனை, ஆவியானவரை விசுவாசிக்கிறேன் என்று வந்துகொண்டிருக்கிற வினைச்சொல் கடைசியில், மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்ற இடத்தில் மூலமொழியில் மாறிவிடுகிறது. அங்கே ‘எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்’. விசுவாசம் நம்பிக்கையாகத் திரும்புகிற வளைவு அது.

"நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து" இருக்க வேண்டாம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய வசனத்தை நினைவஞ்சலி நோட்டீசில் போடுகிறோம். அதைக் காட்டி, அழாதே, கிறிஸ்தவன் அழக்கூடாது என்பவர்களும் உண்டு. வசனத்தில் அப்படி இல்லை. துக்கப்படாதே என்று பவுல் சொல்லவில்லை; நம்பிக்கையோடு துக்கப்படு என்கிறார். அது எப்படியிருக்கும் என்று பார்க்க நவம்பர் 2ஆம் தேதி, கல்லறைத் திருநாள் சாயங்காலம், ஏதாவது ஒரு கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். காலையிலேயே புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். செவ்வந்தி மாலை, மெழுகுவர்த்தி, ஊதுபத்தி. எங்கள் ஊரில் ஒரு கிழவி, இறந்துபோன மகனின் கல்லறைமேல் உள்ளங்கையை வைத்தபடி பேசிக்கொண்டே இருப்பார். வீட்டுக் கதை, பேரன் பரீட்சை எழுதினது, மழை சரியில்லாதது. நடுவில் அழுவார். குருவானவர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போது எழுந்து நிற்பார். காற்றில் திரி அணைந்தால் பக்கத்துக் கல்லறையிலிருந்து நெருப்பை வாங்கி ஏற்றிக்கொள்வார்.

இப்போது உங்கள் தம்பி. லாசரு செத்து நான்கு நாள் கழித்து இயேசு வந்தபோது மார்த்தாள் சொன்ன முதல் வார்த்தை: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." சிறிது நேரத்தில் மரியாளும் அதையே சொல்கிறாள். அக்காவும் தங்கையும் நான்கு நாளாக வீட்டுக்குள் இதையேதான் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். உங்களுக்கு விசுவாசம் போதாததால்தான் சகோதரன் செத்தான் என்று இயேசு அவர்களிடம் சொல்லவில்லை. மார்த்தாளிடம் "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்றார். மரியாளோடு அழுதார். அந்த வீட்டில் அற்புதம் நடந்தது, உங்கள் வீட்டில் நடக்கவில்லை. அந்த வித்தியாசத்தை நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் லாசருவும் பிற்பாடு ஒருநாள் செத்தார். அவருடைய சகோதரிகளுக்கும் கடைசியில் மிஞ்சியது உங்களுக்கு இருக்கிற அதே வாக்குதான்.

ஜெபிக்க வாய் வரவில்லை என்றால் 88ஆம் சங்கீதத்தை எடுங்கள். புலம்பலில் தொடங்கி இருட்டிலேயே முடிகிற சங்கீதம். எபிரெயத்தில் அதன் கடைசிச் சொல்லே ‘இருள்’. ஆறுதலான முடிவு எதுவும் ஒட்டவைக்கப்படவில்லை. அதைத்தான் திருச்சபை வெள்ளிக்கிழமைதோறும் தூங்கப்போகும் முன் சொல்கிற இரவு ஜெபத்தில் வைத்திருக்கிறது. நம்பிக்கை அற்றுப்போனவன் கடவுளிடம் குறைசொல்ல மாட்டான். யாரிடம் சொல்வது என்று விட்டுவிடுவான். இன்னும் கோபமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற உங்கள் கையில் கயிறு இருக்கிறது. இந்த வெள்ளிக்கிழமை தம்பியின் கல்லறைக்குப் போக முடிந்தால் போங்கள். மார்த்தாள் சொன்ன அந்த வாக்கியத்தையே, உங்கள் தம்பியின் பெயரைப் போட்டு, இயேசுவிடம் நேராகச் சொல்லுங்கள்.